ரிச்சி தெருவின் மாடிப்படிக் கடை: பழைய மெட்டல் டிடெக்டருக்குச் செய்த பேட்டரி இணைப்புப் பழுது பற்றி

குழாய்ப் பணி ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் ஒருவனுக்கு மெட்டல் டிடெக்டர் எதற்கு என்று கேட்பவர்கள், மூன்று முறை தார் போட்டு உயர்த்தப்பட்ட குடியிருப்புச் சாலையின் அடியில் புதைந்துபோன வார்ப்பிரும்பு வால்வு மூடியைக் கடப்பாரையால் தேடிப் பார்த்ததில்லை என்று பொருள். வரைபடம் சொல்லும் இடத்தில் மூடி இருப்பதில்லை. காவலாளி காட்டும் இடத்திலும் இருப்பதில்லை. அதற்காகத்தான் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு மூத்த ஒப்பந்தக்காரரிடமிருந்து, 1990-களில் செய்யப்பட்ட அமெரிக்கக் கருவி ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். நாணயத்துக்கும் ஆணிக்கும் வேறுபாடு சொல்லும் திறமையெல்லாம் எனக்குத் தேவையில்லை. ஓர் அடி ஆழத்தில் கிடக்கும் இரும்பு மூடியைக் கண்டு குரல் கொடுத்தால் போதும். அந்த வேலையை அது சலிக்காமல் செய்துவந்தது.

சென்ற மழைக்காலத்தில் அது திக்கத் தொடங்கியது. தரையின் மேல், தடியின் நுனியில் உலோகத்தை உணரும் வட்டமான சுருளை வீசும்போது மூடி இல்லாத இடத்திலும் கத்தியது. உண்மையில் மூடி இருந்த இடத்திலோ, நீளமாக ஒலிக்க வேண்டிய ஓசை துண்டு துண்டாக நறுக்கப்பட்டதுபோல் வந்தது. செல்களைக் கழற்றி மீட்டரில் பார்த்தால் எட்டும் சேர்ந்து 11.6 வோல்ட் காட்டின. ஆகவே பேட்டரியில் குறையில்லை என்று நானே தீர்ப்பெழுதிவிட்டு, பாதுகாப்புக் கருவிகளை விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு நிறுவனத்திடம் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அவர்கள் கருவியைத் திறக்காமலேயே சுருள் போய்விட்டது என்றும், அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க 9,500 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். பழைய கருவிகளுக்கு உதிரிபாகம் தேடுவது எளிதல்ல என்பது உண்மைதான். இத்துறையில் பெயர்பெற்றிருந்த டெசோரோ 2018-இலும் வைட்ஸ் 2020-இலும் தொழிலை நிறுத்திவிட்டன. ஆனால் திறந்துகூடப் பார்க்காத ஒரு பெட்டிக்கு 9,500 ரூபாய் சொல்வதை ஏற்க மனம் வரவில்லை.

அப்படித்தான் சென்னையில் மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்போன ரிச்சி தெருவுக்குப் போனேன். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடும். நான் சொல்லவிருக்கும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கணினி உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கட்டடத்தின் மாடிப்படி திரும்பும் இடத்தில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு குழல்விளக்கு ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. அங்கே அமர்ந்திருப்பவரைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் 'பாய்' என்றே அழைக்கிறார்கள். கருவியை மேசைமேல் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "புதையலா சார்?" என்பதுதான். இக்கருவியைக் கையில் வைத்திருக்கும் எவரும் இக்கேள்விக்குத் தப்ப முடியாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், நான் தேடுவது வால்வு மூடியை மட்டுமே என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் திருப்புளியை எடுத்தார்.

இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது அதன் பிறகு அவர் வேலை செய்த முறை. எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன், கருவியை இயக்கி, சுருளை அசையாமல் மேசையோரத்தில் வைத்துவிட்டு, பேட்டரிப் பெட்டியை மட்டும் விரலால் தட்டினார். கருவி கத்தியது. சுருளின் வயரை வளைத்தும் ஆட்டியும் பார்த்தார், சத்தமே இல்லை. அரை நிமிடத்தில் அந்த 9,500 ரூபாய் மேசையிலிருந்து இறங்கிவிட்டது. அடுத்து, செல்கள் உள்ளே இருக்க, கருவி ஓடிக்கொண்டிருக்க, மின்சுற்றுப் பலகைக்குள் வயர் நுழையும் இடத்தில் மின்னழுத்தத்தை அளந்தார். அமைதியாக இருக்கும்போது 10.9 வோல்ட். என் சாவிக்கொத்தைச் சுருளுக்கு அருகில் கொண்டுபோய் ஓசை எழுப்பியபோது 9.9 வோல்ட். அதே செல்கள்தான், வெளியே 11.6 காட்டியவை.

இவ்விடத்தில் சற்று விளக்கம் தேவை. ஏனெனில் நான் செய்த தவறை இத்தகைய கருவி வைத்திருக்கும் பலரும் செய்கிறார்கள். மீட்டர் அளக்கும்போது செல்லிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமில்லை என்று சொல்லுமளவுக்குச் சிறியது. துருப்பிடித்த ஸ்பிரிங்காக இருந்தாலும் அந்தச் சிறு ஓட்டத்துக்கு அது தடையாகத் தெரியாது, எனவே மீட்டரில் முழு வோல்ட்டும் நின்று காட்டும். கருவி ஓடும்போதோ நிலைமை வேறு. என்னுடையது அமைதியில் சுமார் 60 மில்லி ஆம்பியரும், ஒலிபெருக்கி கத்தும்போது சுமார் 150 மில்லி ஆம்பியரும் இழுக்கிறது. இணைப்புகளில் மொத்தம் 9 ஓம் தடை சேர்ந்திருந்தால் கத்தும் நேரத்தில் 1.35 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். என் கருவிக்குள் மின்னழுத்தத்தைச் சீராக 8 வோல்ட்டில் நிறுத்திக் கொடுப்பது 7808 என்னும் ரெகுலேட்டர். அது ஒழுங்காக வேலை செய்ய உள்ளே ஏறத்தாழ 10 வோல்ட் வர வேண்டும். ஓசை எழும், ஓட்டம் கூடும், மின்னழுத்தம் 10-க்குக் கீழே சரியும், ரெகுலேட்டர் தடுமாறி ஓசை அறுபடும், ஓட்டம் குறைந்ததும் மின்னழுத்தம் மீண்டும் ஏறும், ஓசை மறுபடி எழும். நான் திக்கல் என்று நினைத்தது இந்தச் சுழற்சியைத்தான். மூடி இல்லாத இடத்தில் கத்தியதற்குக் காரணம் இன்னும் எளியது: வீசும் அசைவில் தளர்ந்த இணைப்பு விட்டுவிட்டுப் பிடித்தபோதெல்லாம் கருவி அதையே உலோகம் என்று எடுத்துக்கொண்டது.

பாய் இதையெல்லாம் சொற்பொழிவாகச் சொல்லவில்லை. மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, ஓடும் கருவியில் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் முனைகளை வைத்து, எண்களை ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே போனார். ஒரு ஸ்பிரிங்கில் மட்டும் 300 மில்லிவோல்ட். செல்களைப் பிடிக்கும் ஹோல்டரின் ஒரு ரிவெட்டில் 120. ஸ்னாப் கிளிப் ஒன்றில் 90. மற்ற இடங்களில் ஐந்தும் பத்துமாகச் சில்லறை. நல்ல இணைப்பு ஒன்றில் இந்த ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார். எந்த ஊர்ப் பழுதுநீக்குபவராக இருந்தாலும் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். என்னிடம் அந்தப் பில் இன்னும் இருக்கிறது.

கருவியின் பேட்டரி அமைப்பு அக்காலத்துக்குப் பொதுவானது. நான்கு பென்சில் செல் பிடிக்கும் பிளாஸ்டிக் ஹோல்டர்கள் இரண்டு ஓர் இழுப்பறைக்குள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் 9 வோல்ட் பேட்டரிக்கு இருப்பதுபோல் இரண்டு பொத்தான்கள். கருவியிலிருந்து வரும் ஸ்னாப் கிளிப்புகள் அவற்றில் ஏறிக்கொள்ளும். மூன்று இடங்களில் இது கெடும்; எனக்கு மூன்றும் கெட்டிருந்தன.

முதலில் ஸ்பிரிங். எப்போதோ ஒரு செல் கக்கியிருக்கிறது. ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கசிந்து வெளியே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. இது காரத்தன்மை கொண்டது. ஆகவே இதற்கு மருந்து வினிகரோ எலுமிச்சைச் சாறோதான். சமையல் சோடா போட்டுத் துடைத்தால் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன், வீட்டில் போட்டும் பார்த்திருந்தேன். அது பழைய துத்தநாக-கார்பன் செல்களின் அமிலக் கசிவுக்கு ஏற்றதே தவிர, காரத்தின் மேல் காரத்தைத் தூவி ஆவதொன்றுமில்லை. பாய் காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டு நுரை அடங்கும்வரை துடைத்து, பிறகு தண்ணீர், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று முடித்தார். உப்புத்தாளைத் தொடவே இல்லை. ஸ்பிரிங் எஃகால் ஆனது, மேலே இருப்பது மெல்லிய நிக்கல் பூச்சு; உப்புத்தாள் அதையும் சேர்த்து வழித்துவிட்டால் அன்றைக்குப் பளபளக்கும், ஒரு மழைக்காலம் தாண்டினால் துரு ஏறும். மங்கல் மட்டும் உள்ள தகடுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிப்பானே போதும் என்று காட்டினார். 300 மில்லிவோல்ட் ஸ்பிரிங்கில் பூச்சு ஏற்கெனவே தின்னப்பட்டிருந்தது. அதைக் காப்பாற்ற முயலாமல், இரண்டு ஹோல்டர்களையும் மாற்றிவிடலாம், ஒன்று நாற்பது ரூபாய்தான் என்றார். ஒன்றைக் காப்பாற்றிப் பணம் மிச்சம்பிடிக்கும் ஆசை எனக்கு இருந்தது. பழையதும் புதியதுமாகக் கலந்தால் எதில் பழுது என்று அடுத்த முறை தேட வேண்டிவரும் என்பதால் விட்டுவிட்டேன்.

புதிய ஹோல்டரைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏனெனில் இதுவும் மதிப்பீட்டில் சேர வேண்டிய பொருள்தான். நாற்பது ரூபாய் ஹோல்டரில் ஸ்பிரிங்கையும் பொத்தானையும் பிணைத்திருப்பது அழுத்தி அடித்த ஒரு ரிவெட். புதிதாக இருக்கும்போதே அது சற்றுச் சுழலும். சுழலும் ரிவெட் நாளைக்கு 120 மில்லிவோல்ட் ரிவெட் ஆகும். பாய் இரண்டு ஹோல்டரிலும் ஒவ்வொரு ரிவெட்டின் தலையையும் சுரண்டி, ஈயம் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் தடவி, தகட்டோடு சேர்த்து ஈயப்பற்று வைத்தார். அப்படி வைக்கும்போது பொத்தான்கள் பதிந்திருக்கும் பிளாஸ்டிக் இளகி, பொத்தான்கள் சாய்ந்துவிடும் அபாயம் உண்டு. அதற்காகப் பழைய கிளிப் ஒன்றைப் பொத்தான்களின் மேல் மாட்டிவிட்டே சூடுபோட்டார். ஆறும்வரை அது அவற்றை நேராகப் பிடித்துக்கொண்டது. இத்தனை எளிய உபாயம் எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தோன்றவில்லை.

அடுத்தது வயர். கிளிப்பிலிருந்து உள்ளே போகும் வயரின் உறையை அரை அங்குலம் உரித்தபோது, செம்பு இழைகள் கறுத்துக் கிடந்தன. செல்லிலிருந்து கசிந்த காரம் இழைகளுக்கு இடையே, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், உறைக்குள்ளேயே ஊர்ந்து ஏறிவிடுமாம். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரிந்தாலும் உள்ளே பிடிப்பு இருக்காது. பாய் அரை அங்குலம் அரை அங்குலமாக வெட்டிக்கொண்டே போனார். களிம்பும் கருமையும் நீங்கிச் செம்பு பளிச்சென்று தெரிந்தபோது ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. இதைச் செய்யாமல் கிளிப்பை மட்டும் மாற்றுபவர்களிடம் கொடுத்தால் ஆறு மாதத்தில் திரும்பப் போக வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

கிளிப்பில்தான் என் கைவரிசை அம்பலமானது. முன்பொரு முறை ஒரு கிளிப் அறுந்தபோது, தீர்ந்துபோன 9 வோல்ட் பேட்டரியின் தலையைப் பிடுங்கி நானே ஒரு கிளிப் செய்திருந்தேன். அந்த 90 மில்லிவோல்ட் அதில்தான். அப்படிச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பேட்டரியில் சிறிய வட்டப் பொத்தான் நேர்முனை, பெரிய அறுகோணப் பொத்தான் எதிர்முனை. அதே தலையைக் கிளிப்பாகக் கவிழ்த்து மாட்டும்போது வட்டப் பொத்தான் எதிரே உள்ள அறுகோணத்தில் ஏறும். எனவே நேரும் எதிரும் இடம் மாறிவிடும். பழைய நினைவில் சிவப்பு வயரை வட்டப் பொத்தானில் பற்றவைத்தால் கருவிக்குள் மின்சாரம் தலைகீழாகப் போகும். நான் அன்று அதிர்ஷ்டத்தில் சரியாகச் செய்திருக்கிறேன். பாய் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

புதிய கிளிப் வாங்கப் பக்கத்துக் கடைக்கு என்னையே அனுப்பினார். நான் வாங்கிவந்த பத்து ரூபாய் கிளிப்பை ஒரு சிறு காந்தத்தின் அருகே பிடித்தார். வயர் காந்தத்தை நோக்கி நகர்ந்தது. செம்பு பூசிய எஃகு இழை அது. அதன் மேல்மூடியும் மெல்லிய ரெக்சின்போல் மடங்கியது. உள்ளிருக்கும் தகடு நாலைந்து முறை மாட்டிக் கழற்றினாலே அகன்று பிடி விட்டுவிடும். திருப்பிக் கொடுத்துவிட்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்த இருபத்தைந்து ரூபாய்க் கிளிப் இரண்டு வாங்கிவந்தேன். காந்தம் அசையவில்லை. இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால், ரிச்சி தெருவில் கிளிப் வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு காந்தத்தோடு போகலாம்.

தலைகீழ் இணைப்பிலிருந்து காக்க, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு போட்டுவிடுங்கள் என்று நானாகக் கேட்டேன். சாதாரண டையோடு 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும், பாடுபட்டுக் காப்பாற்றிய வோல்ட்டை அதற்கு ஏன் தாரை வார்க்க வேண்டும் என்றார். ஷாட்கி வகை என்றால் 0.3 வோல்ட் அளவோடு நின்றுவிடும். அது அவரிடம் இல்லை; நான் கீழே இறங்கி வாங்கிவந்து கொடுத்ததும் போட்டுக்கொடுத்தார். டையோடைச் சேர்ப்பதற்கு முன் எடுத்த அளவை எழுதிவைத்திருக்கிறேன்: அதே அரைகுறைச் செல்களோடு அமைதியில் 11.4, கத்தும்போது 11.2. டையோடுக்குப் பிறகும் 10.9-க்குக் கீழே இறங்கவில்லை. ஓசை இப்போது நீளமாக, நடுவில் அறுபடாமல் வருகிறது.

மீள்மின்னேற்றச் செல்களைப் போடலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று 1.2 வோல்ட், எட்டுக்கு 9.6. இக்கருவியின் ரெகுலேட்டருக்கு அது ஆரம்பத்திலிருந்தே குறைவு. ரெகுலேட்டரை மாற்றலாம், ஆனால் முப்பது வயதான பலகையில் கை வைக்க விருப்பமில்லை என்று மறுத்துவிட்டார். லித்தியம் செல்லோடு மின்னழுத்தத்தை உயர்த்தும் மலிவான மாட்யூல் ஒன்றைச் சேர்க்கும் யோசனையையும் அவர் ஏற்கவில்லை. அந்த மாட்யூல்கள் எழுப்பும் இரைச்சல் கிலோஹெர்ட்ஸ் அலைகளில் வேலை செய்யும் டிடெக்டருக்கு ஓயாத கூச்சலாகக் கேட்கும் என்றார். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிப் பணம் வாங்காதவரைப் பார்ப்பதே இப்போது அரிதாகிவிட்டது.

குறைகளும் உண்டு. வயரை வெட்டிய பிறகு அதற்கு ஈடாக நீளம் கூட்டாமல் அப்படியே பற்றவைத்துவிட்டார். இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்தால் கிளிப்பின் கழுத்தில் இழுவை விழுகிறது. இரண்டே வாரத்தில் அதைக் கவனித்து, நானே நான்கு அங்குலம் மெல்லிழை வயர் சேர்த்து, மேலே சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடினேன். இரண்டாவதாக, செல்கள் ஆடாமல் இருக்கப் பெட்டிக்குள் முதலில் இருந்த ஸ்பாஞ்சு பொடியாகியிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக எதுவும் வைக்கவில்லை. செருப்புக்கடையில் வாங்கிய ஒரு துண்டு ரப்பர் ஸ்பாஞ்சால் அந்த வேலை முடிந்தது. ரசீது கிடையாது. உத்தரவாதமா என்று கேட்டால், "இங்கதானே இருக்கேன்" என்பார்.

செலவு: கூலி 300, ஹோல்டர்கள் 80, கிளிப்புகள் 50, டையோடு 5. ஆக 435 ரூபாய், இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு தேநீர். வடகிழக்குப் பருவமழை முடிந்து இப்போது நான்கு மாதம் ஆகிறது. இதற்குள் ஐந்து குடியிருப்புகளில் மூடி தேடியாகிவிட்டது. கருவி ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. நானும் திருந்தியிருக்கிறேன்: வேலை முடிந்த அன்றே செல்களை வெளியே எடுத்துவிடுகிறேன், எட்டையும் ஒன்றாகவே மாற்றுகிறேன். ஏழு புதிய செல்லோடு ஒரு பழைய செல்லைக் கலந்தால், தீர்ந்துபோன அதன் வழியாக மற்றவை ஓட்டத்தைத் தள்ளி, அதைத் தலைகீழாக்கிக் கக்க வைத்துவிடும். என் பெட்டியில் வெள்ளை பூத்ததற்கு அநேகமாக அந்தச் சிக்கனமே காரணம்.

கருவியின் மின்சுற்றுப் பலகையே கெட்டிருந்தாலோ, சுருளுக்குள் நீர் இறங்கியிருந்தாலோ இக்கடை உதவாது. அவரே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அலறுகிறது, திக்குகிறது, தட்டினால் சரியாகிறது என்ற வகைத் தொல்லைகளுக்குத் தாராளமாகப் போகலாம். கோயில், மண்டப வாசல்களில் பிடிக்கும் 9 வோல்ட் கைக்கருவிகளும் அவர் மேசையில் இரண்டு கிடந்தன. அவற்றிலும் கிளிப்தான் பழுது என்றார். காலை பதினொன்றுக்கு மேல் போவது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் ஆள் இருக்க மாட்டார். போகும்போது புதிய செல்களைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். புதிய செல் ஒன்றிரண்டு வோல்ட் இழப்பையும் தாங்கிக்கொண்டு பழுதை மறைத்துவிடும். எந்தச் செல்களோடு கருவி திக்கியதோ அவற்றை அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.